டர்பனில் பெரியவர்களை இல்லத்தில் சேர்க்கும்போது

கோயிலில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கும் இடத்தில்தான் இந்தக் கேள்வி வரும். பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருப்பவர் குரலைத் தாழ்த்துவார்: "அம்மாவை ஹோம்ல விடலாம்னு இருக்கோம். எங்க ஆரம்பிக்கிறது?" ஏதோ திருடப் போகிறவர் கூட்டுச் சேர்ப்பதுபோல் கேட்பார்.

நான் மதுரையிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுவேன், கடைசி நான்கு வருடம் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். அவர் போன பிறகும் வாரம் ஒருநாள் இப்படியான இல்லங்களுக்குப் போய்த் தமிழ் படித்துக் காட்டுவது, நகம் வெட்டிவிடுவது என்று பழகிவிட்டது. அங்கே பார்த்ததையும், நாங்கள் சறுக்கிய இடங்களையும் வைத்து இதை எழுதுகிறேன்.

நம் சமூகம் நடத்தும் இல்லங்களுக்கு டர்பனில் நூறு வருடத்துக்கு மேல் வரலாறு உண்டு. ஆரிய யுவக் சபா 1921ல் தொடங்கிய ஆர்யன் பெனவலன்ட் ஹோம் இன்றும் சாட்ஸ்வர்த்தில் நடக்கிறது. அந்தப் பெருமை நமக்கு இருக்கட்டும். ஆனால் "நம்ம ஆளுங்க நடத்துறாங்க, வாசல்லயே பிள்ளையார் இருக்கார், எல்லாம் பாத்துக்குவாங்க" என்று கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பக்கென்று இருக்கும். பிள்ளையார் ராத்திரி 2 மணிக்குப் புரட்டிப் படுக்க வைக்க மாட்டார். எந்தச் சாமி பெயரில் நடந்தாலும் நீங்கள் கேட்க வேண்டியதைக் கேட்டு, சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுக்க வேண்டும்.

எந்த மாதிரி இடம் வேண்டும்?

ஒரே மதிலுக்குள் மூன்று விதமான வாழ்க்கை இருக்கும். தானே சமைத்து, தானே குளித்து வாழ்கிறவர்களுக்கான தனி வீடு அல்லது ஃபிளாட். கொஞ்சம் உதவி தேவைப்படுபவர்களுக்கான அசிஸ்டட் லிவிங். அப்புறம் ஃப்ரெயில் கேர், அதாவது சாப்பாடு, குளியல், கழிப்பறை என எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டிய நிலை. மறதி நோய் முற்றியவர்களுக்குத் தனிப் பகுதி சில இடங்களில்தான் இருக்கிறது. கதவு பூட்டியிருக்கிறதா, இரவில் எழுந்து நடப்பவரை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தனி வீடு வாங்கும் வசதி உள்ளவர்கள் "லைஃப் ரைட்" என்ற சொல்லைக் கேள்விப்படுவீர்கள். பணம் கட்டினால் ஆயுள் வரை அங்கே குடியிருக்கும் உரிமை வரும், வீடு உங்கள் பெயருக்கு வராது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இதைக் கட்டுப்படுத்துகிறது. 50 வயதிலேயே அதன்படி வாங்கலாம். இறந்த பிறகோ காலி செய்யும்போதோ எவ்வளவு திரும்ப வரும் என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். இன்னொன்று: "எங்களிடம் ஃப்ரெயில் கேர் இருக்கிறது" என்பதற்கும் "உங்களுக்கு அதில் கட்டில் உறுதி" என்பதற்கும் நடுவே பெரிய பள்ளம். பெரும்பாலும் முன்னுரிமைதான் தருவார்கள். எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

பணம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தொகைகள் வருடா வருடம் மாறும். அரசின் சமூகப் பாதுகாப்பு முகமையான சாசா தரும் முதியோர் மானியம் 60 வயதிலிருந்து, வருமானமும் சொத்தும் பார்த்துத் தரப்படுகிறது. 2025 ஏப்ரலில் அது மாதம் 2,310 ரேண்ட் ஆனது. 75 தாண்டியவர்களுக்கு 20 ரேண்ட் கூடுதல். தனியார் ஃப்ரெயில் கேர் கட்டணம் இதைப் போலப் பல மடங்கு. மெடிக்கல் எய்டு, அதாவது மருத்துவக் காப்பீடு, கட்டுகிறோமே என்பார்கள். மருத்துவமனைச் செலவு வேறு, நீண்டகாலப் பராமரிப்பு வேறு. பெரும்பாலான திட்டங்கள் இரண்டாவதைத் தொடுவதில்லை.

அரசு உதவித்தொகை பெறும் தொண்டு நிறுவன இல்லங்களில் வருமானத்துக்குத் தக்கபடி கட்டணம் இருக்கும். அங்கே காத்திருப்போர் பட்டியல் நீளம். அவசரம் வரும்முன்பே பெயரைப் பதிந்து வையுங்கள், பிறகு வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். அரசோடு ஒப்பந்தமுள்ள இல்லத்தில் சேர்ந்தால் நான்காம் மாதத்திலிருந்து மானியம் உச்சத்தொகையில் கால் பங்காகக் குறையலாம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே வைத்துக் காத்திருக்கும் காலத்தில், முழுநேரமும் ஆள் தேவைப்படும் முதியவருக்கு மானியத்தோடு சேர்த்து இன்னொரு சிறு தொகை உண்டு. கிராண்ட் இன் எய்டு என்று கேளுங்கள், 2025ல் 560 ரேண்ட். தகுதி இருந்தும் கேட்காமல் விட்ட குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மதிப்பீட்டு நாள்

உதவித்தொகை பெறும் இல்லங்களில் சேர டிக்யூ 98 என்ற படிவத்தின்படி முதியவரின் தளர்ச்சியை மதிப்பிடுவார்கள். சோஷியல் வொர்க்கர் வருவார். தானே சாப்பிடுகிறாரா, உடுத்துகிறாரா, கழிப்பறைக்குப் போகிறாரா, நாள் கிழமை தெரிகிறதா என்று கேட்டு எழுதிக்கொள்வார்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அதற்கு முந்தைய மூன்று மாதமாக அத்தை கட்டிலை விட்டு இறங்க இரண்டு பேர் பிடிக்க வேண்டும். மதிப்பீட்டு நாளன்று காலையில் பார்த்தால் நீலக் கரை போட்ட சேலை கட்டி, நெற்றியில் விபூதி வைத்து, சமையலறையில் நிற்கிறார். வந்தவருக்குத் தன் கையால் டீ போட்டுக் கொடுத்தார். "சமையல் யார்?" என்று கேட்டதற்கு "நான்தான், இந்தப் பொண்ணுக்கு வேலை இருக்கே" என்று என்னைக் காட்டிச் சிரித்தார். அந்தப் படிவத்தில் அத்தை கிட்டத்தட்டத் திடகாத்திரமான பெண். வந்தவர் போனதும் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை.

விருந்தாளி முன்னால் பெரியவர்கள் நிமிர்ந்து நிற்பார்கள், அது அவர்களுடைய மானம். அதனால் இரண்டு வாரம் முன்பிருந்தே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எத்தனை முறை விழுந்தார், இரவில் எத்தனை முறை எழுந்தார், எந்த மாத்திரையை மறந்தார், எத்தனை நாப்பி (டயபர்) மாற்றினீர்கள். அதை முதியவருக்கு எதிரில் வாசிக்க வேண்டாம், தனியாகக் கொடுங்கள். நாங்கள் மறுபடி மதிப்பீடு கேட்டு வாங்க வேண்டியதாயிற்று.

இடத்தைப் பார்க்கப் போகும்போது

முதல் முறை சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டாம் முறை சொல்லாமல், மாலை 5 மணிக்கு, இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். பூஜை அறையைக் காட்டுவார்கள், கும்பிட்டுக்கொள்ளுங்கள். பிறகு கழிப்பறையைப் பாருங்கள். கைப்பிடி இருக்கிறதா, தரை ஈரமா, வாசனை என்ன? கட்டிலில் இருப்பவர்களின் கூப்பிடு மணி கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, சுவரில் சுருட்டி மாட்டியிருக்கிறதா? தானாகச் சாப்பிட முடியாதவர்களுக்கு ஊட்ட எத்தனை பேர் இருக்கிறார்கள், நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டுகிறார்களா? படுத்த வாக்கில் கஞ்சி ஊட்டினால் அது நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் முடியும்.

அசைய முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது புரட்டிவிடுகிறார்களா, அதை எங்கே எழுதுகிறார்கள் என்று கேட்டு அந்தத் தாளைப் பாருங்கள். இரவில் தகுதி பெற்ற நர்ஸ் இருக்கிறாரா, கேர்கிவர்கள் மட்டும்தானா? கரண்ட் போனால் ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம்? தண்ணீர் சேமிக்கும் ஜோஜோ டேங்க் இருக்கிறதா? 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டொங்காட் பக்கம் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லாமல் பட்ட பாடு நினைவிருப்பவர்கள் இதை விளையாட்டாக நினைக்க மாட்டார்கள். ஆர்.கே. கான் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டி வந்தால் இல்லத்து ஆள் கூட வருவாரா, குடும்பம்தான் போக வேண்டுமா? அதையும் கேளுங்கள். நடுப்பகலில் போன் வந்த பிறகு தெரிந்துகொள்வது வேதனை.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

2006ஆம் ஆண்டின் முதியோர் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய முதியவரை அவர் சம்மதம் இல்லாமல் இல்லத்தில் சேர்க்க முடியாது. மகன், மகள் சம்மதம் போதாது. ஆகவே "சும்மா பார்த்துட்டு வரலாம் வா" என்று சொல்லிக் கூட்டிப்போய் விட்டுவிட்டு வரும் பழக்கத்தை மறந்துவிடுங்கள். சட்டத்தை விடுங்கள், அந்த ஒரு பொய்யை அவர்கள் கடைசிவரை மறப்பதில்லை.

அடுத்தது பவர் ஆஃப் அட்டர்னி. பலர் இதில் ஏமாந்து நிற்கிறார்கள். தென்னாப்பிரிக்கச் சட்டத்தில், எழுதிக் கொடுத்தவருக்குப் புத்தி தெளிவு போய்விட்டால் அந்தப் பத்திரமும் செல்லாமல் போகும். வேறு சில நாடுகளில் இருப்பதுபோல அதற்குப் பிறகும் நீடிக்கும் பத்திரம் இங்கே கிடையாது. அப்பாவுக்கு மறதி முற்றிய பிறகு அந்தத் தாளை வைத்து வங்கியில் கையெழுத்துப் போடுவது செல்லாது. அப்போது மனநலச் சட்டத்தின்படி அவருடைய பணத்தையும் சொத்தையும் பார்த்துக்கொள்ள அட்மினிஸ்ட்ரேட்டர் நியமனம் கேட்க வேண்டும், அல்லது உயர் நீதிமன்றம் வழியாகக் கியூரேட்டர். இரண்டுக்கும் நாள் ஆகும், பணமும் ஆகும். தெளிவு இருக்கும்போதே உயில், வங்கி விவரம், எந்தச் சிகிச்சை வேண்டும் எது வேண்டாம் என்ற விருப்பம் எல்லாவற்றையும் அவர்களோடு உட்கார்ந்து எழுதிவிடுங்கள். வங்கி அட்டை யார் கையில் இருக்கும், கைச்செலவுப் பணத்துக்கு யார் கணக்கு வைப்பது என்பதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள்.

முதல் வாரம்

எல்லாத் துணியிலும் பெயர். மேலாடையில், உள்ளாடையில், காலுறையில், சால்வையில். மார்க்கர் பேனாவில் எழுதினால் நாலு சலவையில் போய்விடும், தைப்பதுதான் நல்லது. பட்டுச்சேலையைக் கொண்டுபோகாதீர்கள், அங்கே எல்லாம் ஒரே மெஷின், ஒரே சூடு. தாலிக்கொடி, மோதிரம் பற்றி முதியவரிடமே கேளுங்கள். அத்தை தங்கத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு மஞ்சள் கயிறு போதும் என்றார். கழற்ற மாட்டேன் என்பவர்களும் உண்டு. அப்படியானால் படம் எடுத்து, பட்டியல் எழுதி, சிஸ்டரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

பல் செட்டுக்கு மூடியுள்ள டப்பா ஒன்று, பெயரோடு. சாப்பிட்டு முடித்ததும் பல்லைக் கழற்றி டிஷ்யூவில் சுற்றித் தட்டில் வைப்பார்கள், தட்டோடு குப்பைக்குப் போய்விடும். எங்களுக்கு ஒரே வருடத்தில் இரண்டு செட் போனது.

இப்போது நான் எல்லோரிடமும் வற்புறுத்தும் ஒன்று: சொல் அட்டை. கேர்கிவர்கள் பெரும்பாலும் ஜூலு பெண்கள். பாட்டிகளைக் கோகோ என்று வாய் நிறையக் கூப்பிடுவார்கள். நம் பெரியவர்கள் வாழ்நாளெல்லாம் ஆங்கிலம் பேசியவர்கள்தான். ஆனால் மறதி வரும்போது கடைசியாகக் கற்ற மொழி முதலில் கழன்றுகொள்ளும். அத்தை 1930களில் மேகசின் பாரக்ஸில் பிறந்தவர், முனிசிபாலிட்டித் தொழிலாளர் குடியிருப்பு அது. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுமப் பகுதிச் சட்டம் வந்து அந்த இடத்தைக் காலி செய்ய வைத்துச் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள். இல்லத்துக்குப் போன இரண்டாம் வருடம் அவருக்கு ஆங்கிலம் நின்றுவிட்டது. சாயங்காலமானால் பாரக்ஸுக்குக் கூட்டிப் போ என்பார், தண்ணீர்க் குழாயில் வரிசை போட வேண்டும் என்பார்.

அந்தச் சமயத்தில் நர்சிங் குறிப்பில் மூன்று நாள் தொடர்ந்து எழுதியிருந்தார்கள்: "குளிக்க மறுக்கிறார். நோ, நோ என்கிறார்." எனக்குப் புரியவில்லை, குளியலைப் பிடிக்காதவர் இல்லையே. நான்காம் நாள் காலையில் நானே போய் நின்றேன். கேர்கிவர் இடது கையைத் தூக்கியதும் அத்தை சொன்னது: "நோவுது, நோவுது." எங்கள் மதுரைப் பக்கம் வலிக்குது என்போம். வட ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் இங்கே இன்றும் நோவுது என்றுதான் சொல்லும். அந்தப் பெண் காதில் அது ஆங்கில நோ. தோள்மூட்டு இறுகிப்போயிருந்தது, எக்ஸ்ரே எடுத்து மருந்து கொடுத்ததும் குளியல் சரியாயிற்று. அந்தப் பெண் மேல் தப்பில்லை. நாங்கள்தான் சொல்லிக் கொடுக்கவில்லை.

அன்று மாலையே அட்டை எழுதினேன். ஒரு பக்கம் அத்தை சொல்லும் சொல், ஆங்கில எழுத்தில். எதிரே அதன் ஜூலு. தண்ணி என்றால் அமான்சி. நோவுது என்றால் புஹ்லுங்கு. வெளிக்கி, ஒண்ணுக்கு, பசிக்குது, குளிருது, வேணாம், போதும். மொத்தம் பன்னிரண்டு சொல். லேமினேட் செய்து கட்டில் தலைமாட்டில் ஒட்டினோம். உங்கள் வீட்டுப் பெரியவர் எந்தச் சொல் சொல்கிறாரோ அதையே எழுதுங்கள், அகராதிச் சொல் வேண்டாம்.

சாப்பாடு, விரதம், விளக்கு

சைவ உணவு என்றால் ஒவ்வொருவருக்கும் ஒன்று. முட்டை சேருமா? வெங்காயம் பூண்டு? சாதாரண நாளில் கறி சாப்பிட்டு, புரட்டாசி மாதம் முழுவதும் தொடாதவர்கள்தான் டர்பனில் அதிகம். புரட்டாசி ஆங்கிலத் தேதியில் செப்டம்பர் நடுவில் தொடங்கும் என்பதைச் சமையலறைக்கு யாராவது சொல்ல வேண்டும். ஜனவரியில் காலண்டர் வாங்கியதும் ஆடிக் கூழ் நாள், புரட்டாசி, தைப்பூசக் காவடி, கார்த்திகை எல்லாவற்றையும் வட்டமிட்டுக் கொடுத்துவிடுங்கள். சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர் பட்டினி விரதம் இருப்பேன் என்றால் சிஸ்டருக்குச் சொல்லாமல் விடக் கூடாது. சாப்பிடாமல் இன்சுலின் போட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். ஒருவேளை இட்லியோ பழமோ சாப்பிட்டு விரதம் இருக்கலாம் என்று குருக்களையே சொல்ல வைத்தோம். நான் சொன்னபோது கேட்காதவர், குருக்கள் சொன்னதும் கேட்டார்!

டால், சுகர் பீன்ஸ் கறி, தயிர் இவை தட்டில் தினமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சைவம் என்ற பெயரில் சோறும் உருளைக்கிழங்குமாகப் போட்டால் புரதம் போதாது, படுக்கைப் புண் ஆறாது. வீட்டிலிருந்து கொண்டுபோகும் பலகாரத்தைச் சிஸ்டரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள். விழுங்கச் சிரமப்படுபவருக்கு முறுக்கு ஆபத்து. மடும்பிக் கிழங்கை (நம்மூர்ச் சேப்பங்கிழங்கு மாதிரி) வேகவைத்து மசித்துக் கொண்டுபோனால் அத்தை கிண்ணத்தை வழித்துச் சாப்பிடுவார்.

அறைக்குள் எண்ணெய் விளக்கு, கற்பூரம் பெரும்பாலும் அனுமதிக்க மாட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் ஆக்ஸிஜன் ஓடும்போது தீக்குச்சி உரசுவதை நினைத்துப் பாருங்கள். பேட்டரி விளக்கும் ஒரு சின்ன விபூதி டப்பாவும் போதும். கையால் எடுத்துப் பூச முடியாதவருக்குக் குளிப்பாட்டிய பின் யார் பூசிவிடுவது என்பதைப் பராமரிப்புத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். மாத்திரை நேரம் எழுதுகிற இடத்தில் இதையும் எழுதினால் செய்வார்கள், வாயால் சொன்னால் ஷிஃப்ட் மாறும்போது மறந்துவிடும்.

அறையைப் பகிர்பவர் வேறு மதமாக இருக்கலாம். டர்பன் தமிழர்களில் பெந்தெகொஸ்தேக் குடும்பங்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அத்தையின் பக்கத்துக் கட்டில் ஆண்ட்டி ஞாயிறு முழுக்க ரேடியோவில் ஆராதனை கேட்பார், செவ்வாய் வெள்ளி அத்தையின் முருகன் பாட்டு. சண்டை வந்தது பாட்டுக்காக இல்லை, ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதற்காக.

போய் வருவது, கேள்வி கேட்பது

தீபாவளிக்குக் கூட்டமாகப் போய் வடை கொடுத்துப் படம் எடுப்பதைவிட, சாதாரண புதன்கிழமை அரை மணி நேரம் போவது மேல். ஒவ்வொரு முறையும் வேறு வேறு நேரத்தில் போங்கள். குதிகால், முதுகின் அடிப்பகுதி இரண்டையும் பாருங்கள், சிவந்து அழுத்தினாலும் வெளுக்கவில்லை என்றால் அன்றே சொல்லுங்கள். காதுக் கருவியில் பேட்டரி இருக்கிறதா பாருங்கள். குளிர்காலம் வரும்முன் ஃப்ளூ ஊசி போட்டாயிற்றா என்று கேளுங்கள்.

குறை இருந்தால் முதலில் சிஸ்டர், பிறகு மேட்ரன், பிறகு நிர்வாகக் குழு. பத்துப் பேருக்கு மேல் வசிக்கும் இல்லத்தில் குடியிருப்போர் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம், அது கூடுகிறதா என்று கேளுங்கள். அடி, திட்டு, பணம் காணாமல் போவது, வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவது என்ற சந்தேகம் வந்தால் சமூக மேம்பாட்டுத் துறைக்கோ போலீசுக்கோ சொல்ல வேண்டும். "நம்ம சபா பேர் கெட்டுடும்" என்று கோயில் பெரியவர் யாராவது உங்களை அடக்கப் பார்ப்பார். அவரிடம் மரியாதையாகப் பேசிவிட்டு, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லுங்கள்.

கடைசிக் கட்டம்

சேர்க்கும் நாளிலேயே ஒரு தாள் கேட்பார்கள், தட்டிக் கழிக்காமல் நிரப்புங்கள். இரவில் யாரை எழுப்புவது, முதல் எண் எடுக்காவிட்டால் இரண்டாவது எண், மருத்துவமனைக்குத் தூக்கிப் போவதா அங்கேயே வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதா, இறுதிச் சடங்கு ஏற்பாட்டுக்கு எந்த அண்டர்டேக்கர், எந்தத் தகனக்கூடம். வாயில் பால் ஊற்ற வேண்டும், தெற்கே தலை வைக்க வேண்டும், குடும்பம் வரும்வரை உடலை எடுக்கக் கூடாது என்பது போன்றவற்றையும் அதே தாளில் எழுதுங்கள். சில இல்லங்களில் உடலை இரண்டு மணி நேரம்தான் அறையில் வைக்க விடுவார்கள், அதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் மகன் வந்து சேரும் நேரத்தையும் கணக்குப் போடுங்கள்.

பிறகு இருப்பது எழுத்து வேலை. இறப்புப் பதிவுக்கு அவருடைய ஐடி வேண்டும். சாசாவுக்கு உடனே சொல்லிவிடுங்கள், இறந்த பின் கணக்கில் விழுந்த மானியத்தை எடுத்துச் செலவழித்தால் திருப்பிக் கேட்பார்கள். முன்பணம் கட்டியிருந்தால் கடைசி பில்லோடு கணக்குப் பார்த்து வாங்குங்கள். அறையைக் காலி செய்ய எத்தனை நாள் தருகிறார்கள் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும், சில இடங்களில் ஒரு வாரம்கூட இல்லை. பிரிக்காத நாப்பிப் பொட்டலம், வாக்கர், பெயர் தைத்த சால்வை எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு வராதீர்கள். அங்கேயே கொடுத்து, சிஸ்டரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.